பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனைக்கு யாரைக் கூப்பிடுவது?

ஜூனில் பள்ளி திறந்து, பாடநூல் கொடுத்து, புது வருகைப் பதிவேடு எழுதி முடித்த கையோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "இந்த வருஷமாவது பிள்ளைங்களுக்குக் கண் செக் பண்ணிடலாமா சார்?" எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் குழப்பம். ஆசிரியர்களே அட்டையை வைத்துப் பார்த்துவிடலாம் என்பார் ஒருவர். அரசு மருத்துவக் குழு வரும், காத்திருப்போம் என்பார் இன்னொருவர். டவுனில் உள்ள கண் மருத்துவமனையைக் கூப்பிடுவோம், கண்ணாடிக் கடைக்காரர் இலவச முகாம் போடத் தயார், கேமரா மாதிரி ஒரு கருவி வந்திருக்கிறதாம், செல்போனிலேயே ஆப் இருக்கிறதாம் என்று வழிகள் நீளும்.

எந்த வழியானாலும் தேர்வு செய்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பார்வை குறைவு என்று தெரிந்த பிள்ளை அடுத்து எங்கே போகும், யார் கூட்டிப் போவார், கண்ணாடி எத்தனை நாளில் மூக்கில் ஏறும்? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கிய விலையுயர்ந்த கருவியை விட, பதில் உள்ள ஓர் அட்டை மேல். கீழே வருவதெல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

பிள்ளையே சொல்லட்டும் என்று காத்திருப்பது வழியாகாது. பிறந்ததிலிருந்து மங்கலாகப் பார்த்த பிள்ளைக்கு எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைப்பு. ஒரு கண் 6/60 ஆக (நல்ல கண் 60 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்ப்பது) இருந்தாலும் மற்றது முழுப் பார்வையோடு 6/6 ஆக இருந்தால் பந்து பிடிக்கும், சைக்கிள் ஓட்டும், கரும்பலகையையும் படிக்கும். ஆசிரியருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்கும் அன்றைக்குத்தான் அது வெளியே வரும். அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகி, அதாவது மூளை அதை ஒதுக்கிவிட்டதால் பார்வை வளராமல் போயிருந்தால் சிகிச்சைக்கு ஏழு வயதுக்குள் வருவது நல்லது. அதைத் தாண்டியும் பல பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் வயது ஏற ஏற உழைப்பு கூடும், பலன் குறையும்.

ஆசிரியர் கையில் அட்டை

இந்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பது அதில் சேர்ந்தது 1994 வாக்கில். அன்றிலிருந்து முதல் வடிகட்டல் ஆசிரியர் கையில்தான். 6 மீட்டர் தள்ளி நின்று 6/9 அளவு ஆங்கில 'ஈ' (E) எழுத்தைப் பார்க்க முடியாத பிள்ளையை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். முறை பழையதுதான், ஆனால் சரியாகச் செய்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சரியாகச் செய்வதுதான் அரிது.

முதலில் அட்டை. இணையத்தில் இறக்கி அச்சடித்தால் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு எழுத்தைச் சுருக்கிவிடும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 6 மீட்டரில் பயன்படுத்தும் 6/9 எழுத்தின் உயரம் 13 மி.மீ., 6/12 எழுத்து 17.5 மி.மீ. 3 மீட்டரில் பயன்படுத்துவதானால் இரண்டும் பாதியாகும்: 6.5 மி.மீ., 8.7 மி.மீ. ஒரு மி.மீ. பிசகினாலே நல்ல கண் தோற்கும், அல்லது கெட்ட கண் தேறும்.

தமிழ் எழுத்து அட்டையும் கிடைக்கிறது. முதல் வடிகட்டலுக்கு அதை எடுக்க வேண்டாம். 'ப'வும் 'ஞ'வும் ஒரே உயரத்தில் இருந்தாலும் ஒரே கடினம் அல்ல. மங்கலாகத் தெரிந்தாலும் 'ப' என்று சொல்லிவிடலாம், 'ஞ'வைச் சொல்ல முடியாது. 'ஈ' அட்டையில் இருப்பது ஒரே உருவம், திசைதான் மாறும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது போதும்: "மூணு காலும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கு கண்ணா? கையால காட்டு." வாயால் சொல்லச் சொன்னால் ஒன்றாம் வகுப்பில் வலது, இடது குழம்பும்.

எழுத்துகள் தனித்தனியாக இல்லாமல் வரிசையாக, சுற்றிலும் கோடு போட்ட கட்டத்துக்குள் இருக்க வேண்டும். சோம்பேறிக் கண்ணுக்குத் தனி எழுத்து எளிதாகத் தெரியும், கூட்டத்துக்கு நடுவே இருக்கும் எழுத்துதான் கலங்கும். அதே காரணத்தால் ஆசிரியர் ஒவ்வோர் எழுத்தையும் கையால் மறைத்துத் தனியாகக் காட்டக் கூடாது. கீழே குச்சியால் தொட்டால் போதும்.

அடுத்தது தூரம். பல வகுப்பறைகளில் கரும்பலகை, மேசை எல்லாம் போக 6 மீட்டர் நேராகக் கிடைக்காது. அதனால் வராந்தாவுக்குப் போவார்கள். அங்கே வெயில் பக்கம் பார்த்து அட்டையை மாட்டினால் பிள்ளைக்குக் கண் கூசும், ஜன்னலுக்கு முன் மாட்டினால் எழுத்து கருநிழலாகும். வெளிச்சம் பிள்ளையின் முதுகுப் பக்கமிருந்து, நிழல் விழாமல், அட்டையில் சீராகப் பட வேண்டும். இடம் இல்லாத பள்ளிகள் 3 மீட்டர் அட்டையை எடுப்பது நல்லது. சென்னை எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி உருவாக்கிய சட்டைப்பை அட்டையும் 3 மீட்டருக்கானதுதான். ஆனால் 3 மீட்டரில் பிள்ளை ஓர் அடி முன்னே சாய்ந்தாலே தூரத்தில் 10 சதவீதம் போய்விடும். அது ஏறக்குறைய அரை வரிக்குச் சமம். 6 மீட்டரில் அதே சாய்வு 5 சதவீதம்தான். ஆகவே சின்ன அட்டை என்றால் நாற்காலி போட்டு, முதுகை ஒட்டி உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். தூரத்தைத் தப்படியால் அளக்காதீர்கள். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று போதும்: ஒரு முனை அட்டையின் கீழ், மறுமுனை பிள்ளையின் கண்ணுக்கு நேர் கீழே.

இனி கண்ணை மூடுவது. முறையில் பாதித் தவறு இங்கேதான். விரலால் மூடினால் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பார்கள், அது ஏமாற்று இல்லை, பிள்ளைத்தனம். உள்ளங்கையால் அழுத்தி மூடினால் அந்தக் கண்ணின் முறை வரும்போது அரை நிமிடம் மங்கலாகவே தெரியும், நல்ல கண் தோற்கும். கறுப்பு அட்டையைக் குவளை மாதிரி வளைத்து, கண்ணைத் தொடாமல் மூக்கோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, இடுக்கு இருக்கிறதா, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா, தலையைச் சாய்க்கிறதா என்று பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அட்டையைக் காட்டுபவரால் இதையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஒரு குழு என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 'மெட்ராஸ் ஐ' ஓடும் பருவத்தில் முகாமையே தள்ளிவையுங்கள். ஒரே அட்டை 40 முகத்தில் ஏறினால் அடுத்த வாரம் வகுப்பே சிவந்த கண்ணோடு நிற்கும். மற்ற நாட்களிலும் பிள்ளைக்கு ஓர் அட்டை, அல்லது ஒவ்வொரு தடவையும் துடைப்பு.

எத்தனைக்கு எத்தனை சரியாகச் சொன்னால் தேர்ச்சி? நான்கு திசைதான், குருட்டாம்போக்கில் சொன்னாலும் நாலில் ஒன்று சரியாக வரும். ஐந்து எழுத்தில் மூன்று போதும் என்று வைத்தால், எதுவும் தெரியாத பிள்ளை வெறும் ஊகத்தால் தேறும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்தில் நான்கு என்று வைத்தால் அது அறுபத்து நாலில் ஒன்றாகக் குறையும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆகவே ஐந்தில் நான்கு. நடுவே அட்டையைத் தலைகீழாகத் திருப்புங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளை முன்னால் இருப்பவனின் பதிலைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துவிடும்.

பதிவேட்டில் 'சரி', 'சரியில்லை' என்று எழுதுவதை விட 'வலது 5-க்கு 4, இடது 5-க்கு 2' என்று எழுதினால் மறுபரிசோதனை செய்பவருக்கு உதவும். ஏற்கெனவே கண்ணாடி போடும் பிள்ளையைக் கண்ணாடியோடு பாருங்கள். அதை மறந்து கழற்றச் சொல்லிவிட்டு 'தோல்வி' என்று எழுதுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. முக்கியமாக, அன்று வராதவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள். அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைக்கும் கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் சில சமயம் ஒரே பெயர்தான்.

இந்த வேகத்தில் 40 பேர் வகுப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரு நாளில் ஒரு குழு நூறு, நூற்றிருபது பேரை நிதானமாகப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் பிற்பகலில் எல்லாரும் தேறிவிடுவார்கள், பார்ப்பவர் களைத்துப்போனதால்.

6/9-ஆ, 6/12-ஆ? 6/9 என்றால் லேசான கிட்டப்பார்வையும் சிக்கும், கூடவே கண் நன்றாக இருந்தும் தடுமாறிய பிள்ளைகளும் சிக்குவார்கள். 6/12 என்றால் கூட்டம் குறையும், மைனஸ் அரை, முக்கால் உள்ள பிள்ளைகள் நழுவுவார்கள். இரண்டாம் கட்டத்துக்கு ஆள் பள்ளிக்கே வருவார் என்றால் 6/9. ஒவ்வொரு பிள்ளையும் பஸ் பிடித்து 30 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் 6/12. வீணாக ஒரு நாள் கூலியை இழந்து போன பெற்றோர், அடுத்த முறை உண்மையாகவே தேவைப்பட்டாலும் போகமாட்டார்.

அட்டை பிடிக்காதது ஒன்று உண்டு: தூரப்பார்வை, அதாவது கிட்டத்தில் பார்க்கக் கண் சிரமப்படுவது. ப்ளஸ் 2, 3 பவர் உள்ள பிள்ளை கண்ணை இறுக்கி உழைத்து 6/6 படித்துவிடும், ஆனால் பாடப்புத்தகத்தை அரை மணி நேரம் படித்தால் தலைவலி. இதற்கு ஒரு ப்ளஸ் 2 லென்ஸ் ஜோடி போதும். இரு கண்ணுக்கும் அதைப் போட்டுவிட்டு அதே 6/9 வரியைக் காட்டுங்கள். சாதாரணக் கண்ணுக்கு அது கலங்கிவிடும். அப்போதும் படித்தால் மறைந்திருக்கும் தூரப்பார்வை என்று அர்த்தம், அனுப்புங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இது அவசியம், மேல் வகுப்புகளில் தலைவலி சொல்லும் பிள்ளைகளுக்கு மட்டும் போதும்.

டார்ச் அடித்து ஒரு பார்வை பார்ப்பதும் ஆசிரியர் வேலைதான்: மாறுகண், கண் பாப்பாவில் வெள்ளை, வெள்ளை விழியில் நுரை போன்ற திட்டு. பாப்பாவில் வெள்ளை தெரிந்தால் பட்டியலுக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவமனை.

அரசு நடமாடும் குழு

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை அரசு, உதவி பெறும் பள்ளிகளுக்கு வரும். செலவில்லை, பரிந்துரைத் தாள் கிடைக்கும், மாவட்ட மையத்தில் தொடர் சிகிச்சையும் இலவசம். குறை ஒன்றுதான்: அவர்கள் இதயம், பல், ரத்தசோகை, வளர்ச்சிக் குறைபாடு என்று முப்பது வகைக் குறைகளை ஒரே நாளில் பார்க்கிறார்கள். கண்ணுக்குக் கிடைப்பது சில நொடிகள். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் இதைப் பிரித்தே வைத்தார்கள். ஆசிரியர் முதலில் வடிகட்ட, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளர் வந்து பவர் பார்த்து, கண்ணாடி பள்ளிக்கு வரும். அரசுப் பள்ளி என்றால் முதலில் கதவைத் தட்ட வேண்டியது அந்தக் கண் மருத்துவ உதவியாளரிடம்தான். பட்டியலைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிட்டால் அவர் ஒரு நாளில் முடித்துக் கொடுப்பார். பட்டியல் இல்லாமல் 'வந்து எல்லாரையும் பாருங்கள்' என்றால் தேதி தள்ளிக்கொண்டே போகும், அவருக்கும் வேறு பள்ளிகள் உண்டு.

மருத்துவமனை முகாம்

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளுக்குப் பள்ளிகளுக்கென்றே குழுக்கள் உண்டு. கண்ணின் பவர் பார்க்கப் பயின்ற ஆப்டோமெட்ரிஸ்ட் வருவார், பவர் பார்க்கும் கருவி வரும், சில நேரம் கண்ணாடிச் சட்டகங்களும் கூடவே வரும். தரத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கேள்வி என்னவென்றால் இந்த ஆட்களை எதற்குப் பயன்படுத்துவது? 600 பேரையும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரே பார்க்க வேண்டும் என்று கேட்பது, தையல்காரரை வைத்துத் துணி மடிப்பது போல. முழு பவர் பரிசோதனைக்கு ஒரு பிள்ளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் வேண்டும். ஆசிரியர் வடிகட்டிக் கொடுத்த 70 பேரை மட்டும் அவரிடம் கொடுத்தால் இருவர் ஒரு நாளில் நிதானமாக முடிப்பார்கள்.

இங்கே பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டியது சொட்டு மருந்து. பிள்ளைகளின் கண் லென்ஸ் நன்றாக வளையும். தானியங்கிக் கருவிக்குள் பார்க்கும்போது பிள்ளை கிட்டத்தில் பார்ப்பதாக நினைத்துக் கண்ணை இறுக்கும், கருவி இல்லாத மைனஸ் பவரைக் காட்டும், அல்லது இருக்கும் ப்ளஸ் பவரை மறைக்கும். அதனால் கருவி அச்சடித்துத் தரும் துண்டுச்சீட்டை மட்டும் வைத்துக் கண்ணாடி எழுதக் கூடாது. சந்தேகம் உள்ள பிள்ளைக்கு, குறிப்பாகத் தூரப்பார்வை, மாறுகண் உள்ளவருக்குச் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் சொட்டு விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சைக்ளோபென்டோலேட் என்றால் ஒரு நாள் வரை கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், ஹோமட்ரோபின் என்றால் இரண்டு, மூன்று நாள், அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும். வெயில் கூசும். ஆகவே பெற்றோர் கையெழுத்து முன்னதாகவே வேண்டும், மறுநாள் தேர்வு இருக்கக் கூடாது. சனிக்கிழமைக்கு முந்தைய நாள்தான் இதற்கு ஏற்ற நாள். சொட்டு விட்ட பிள்ளை தனியாகச் சைக்கிளில் வீடு போகக் கூடாது என்பதையும் யாராவது நினைவூட்ட வேண்டும்.

கடை போடும் இலவச முகாம்

சுருக்கமாகவே சொல்லலாம். பார்ப்பவருக்கு விற்பனையில் பங்கு இருக்கும் இடத்தில் பவர் கூடும். மைனஸ் கால், ப்ளஸ் அரை என்று எழுதித் தந்த கண்ணாடியால் பிள்ளைக்கு எந்த மாற்றமும் இருக்காது. பெற்றோருக்கோ கண்ணாடி மீதான நம்பிக்கையே போய்விடும். நல்ல கடைக்காரர்கள் உண்டு, நிச்சயமாக. ஆனால் அவர்களை விலைக்குக் கண்ணாடி செய்து தரும் இடத்தில் வையுங்கள், கண்ணைப் பார்க்கும் இடத்தில் வேண்டாம். எந்த முகாமாக இருந்தாலும் ஒரு விதி: கண்ணாடி போட்டதும் அட்டையில் இரண்டு வரியாவது கூடுதலாகப் படிக்க வேண்டும். படிக்கவில்லை என்றால் கண்ணாடி வேண்டாம், காரணம் தேட வேண்டும். தூரப்பார்வை, மாறுகண், சோம்பேறிக் கண் இவற்றுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அவற்றைக் கண் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேமராக் கருவி

ஸ்பாட், ப்ளஸ்ஆப்டிக்ஸ் போன்ற கைக்கருவிகள் ஒரு மீட்டர் தள்ளி நின்று, அகச்சிவப்பு ஒளி அடித்து, இரு கண்ணிலிருந்தும் திரும்பும் வெளிச்சத்தை வைத்துப் பவரைக் கணிக்கும். பிள்ளை வாய் திறக்க வேண்டாம், சில நொடியில் முடிந்துவிடும். ஆறு மாதக் குழந்தைக்கும் பார்க்கலாம். அங்கன்வாடி, எல்.கே.ஜி., பேச்சு வராத பிள்ளை, அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை இவர்களுக்கு இதற்கு ஈடில்லை. இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருப்பதை, அதாவது சோம்பேறிக் கண்ணாக மாறப் போவதை, முன்கூட்டியே காட்டும்.

ஆனால் இது பார்வையை அளப்பதில்லை, பவரை ஊகிக்கிறது. இந்த வித்தியாசம் காகிதத்தில் சின்னது, பள்ளியில் பெரியது. பவர் சரியாக இருந்து விழித்திரையில் கோளாறு உள்ள பிள்ளையைக் கருவி 'நன்று' என்று அனுப்பிவிடும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கமுள்ள நம் ஊர்களில் பரம்பரை விழித்திரை நோய் எட்டாத தூரத்துக் கதையல்ல. மைய பார்வை குறையத் தொடங்கினால் அந்தப் பிள்ளை அட்டை முன் நின்றவுடன் தடுமாறும். ஆகவே ஐந்து, ஆறு வயதுக்கு மேல், வாயால் பதில் சொல்லும் பிள்ளைக்கு, கருவி அட்டைக்கு மாற்று ஆகாது.

தவறும் இடங்களும் சொல்லவேண்டியவை. அறை இருட்டாக இல்லையென்றால் கண் பாப்பா சுருங்கிவிடும், கருவி 'பாப்பா சிறிது' என்று நின்றுவிடும் அல்லது தப்பாக ஊகிக்கும். ஜன்னல் வழி வரும் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அதுவும் குழப்பும். கறுப்புத் துணி கட்டிய ஓர் அறை முன்னதாகவே வேண்டும். விலை லட்சக்கணக்கில். ஒரு பள்ளிக்காக வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது, ஒன்றியத்துக்கு ஒன்று அல்லது ஒரு கல்வி அறக்கட்டளையின் பத்துப் பள்ளிக்கு ஒன்று என்றால் யோசிக்கலாம். வாங்கினால் எந்த பவருக்கு மேல் அனுப்ப வேண்டும் என்ற எல்லை வயதுக்கு ஏற்ப எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று முதலில் கேளுங்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையை அப்படியே விட்டால் வகுப்பில் பாதிப் பேரை மருத்துவரிடம் அனுப்பு என்று கருவி காட்டலாம்.

செல்போன் ஆப்

'பீக் அக்யூட்டி' போன்ற ஆப்கள் 'ஈ' அட்டையைத்தான் திரையில் காட்டுகின்றன. எழுத்தின் அளவைத் தானே மாற்றும், வரிசையை மனப்பாடம் செய்ய முடியாது, எண்ணைத் தானே பதிவு செய்யும். திரை வெளிச்சம் முழுதாக இருக்க வேண்டும், கண்ணாடி உறையில் வானம் பிரதிபலிக்கக் கூடாது, 'கண் பாதுகாப்பு' மஞ்சள் வெளிச்சத்தை அணைக்க வேண்டும், வாட்ஸ்அப் அழைப்பு வராமல் விமானப் பயன்முறையில் போட வேண்டும்.

இதன் உண்மையான பலம் அளவீட்டில் இல்லை. கென்யாவின் ட்ரான்ஸ் ன்சோயா மாவட்டத்தில் 50 பள்ளிகளில் ஏறத்தாழ 21,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வழக்கமான அட்டை, சீட்டு முறையில் அனுப்பப்பட்ட பிள்ளைகளில் 22 சதவீதம்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆப்பால் பார்த்து, பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது என்ற மங்கல் படத்தைப் பெற்றோருக்குக் காட்டி, குறுஞ்செய்தியால் நினைவூட்டிய பள்ளிகளில் 54 சதவீதம். அட்டையைத் தூக்கிப்போடாமலேயே இந்த நினைவூட்டலை நாமும் செய்யலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு அல்ல, பெற்றோருக்குத் தனியே. பிள்ளையின் உடல்நலத் தகவலை வெளி நிறுவனத்தின் ஆப்பில் ஏற்றுவதானால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகள் விஷயத்தில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஒரு கணக்கு

ஆறு முதல் பத்து வரை 600 பேர் படிக்கும் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, கண்ணாடியோ சிகிச்சையோ தேவைப்படும் பிள்ளைகள் 48 என்று வைப்போம். ஆசிரியர்கள் அட்டையால் பார்த்து 40 பேரைக் கண்டுபிடிக்கிறார்கள், 8 பேர் நழுவுகிறார்கள், கூடவே கண் நன்றாக இருந்தும் 28 பேர் தோற்கிறார்கள். பட்டியலில் 68 பேர். மறுநாள் வேறோர் ஆசிரியர் இந்த 68 பேரை மட்டும் மறுபடி பார்த்தால் தவறாகத் தோற்றவர்களில் பெரும்பாலோர் கழிந்துவிடுவார்கள். மிஞ்சியவர்களைப் பள்ளிக்கே வரும் ஆப்டோமெட்ரிஸ்ட் பார்க்கிறார். விடுப்பு போக 36 பேராவது கண்ணாடிக்கு அளவு கொடுப்பார்கள்.

இன்னொரு பள்ளி விலையுயர்ந்த கருவியை வாடகைக்கு எடுத்து 46 பேரைக் கண்டுபிடிக்கிறது. கையில் சீட்டைக் கொடுத்து 'டவுன் மருத்துவமனைக்குப் போங்கள்' என்கிறது. கென்யாவின் 22 சதவீதமே இங்கும் என்றால் போய்ச் சேர்வது பத்துப் பேர். கண்டுபிடிப்பில் ஆறு பேர் முன்னால் இருந்த பள்ளி, கண்ணாடியில் 26 பேர் பின்னால் நிற்கிறது.

கண்ணாடி கைக்கு வந்த பிறகு

இரண்டு வழி. அளவெடுத்துச் செய்வது, அல்லது இரு கண்ணுக்கும் ஒரே பவருள்ள தயார் லென்ஸைப் பிள்ளை பிடித்துத் தேர்ந்தெடுத்த சட்டகத்தில் அன்றே மாட்டித் தருவது. பெங்களூர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பிலும் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் கண்ணாடியோடு இருந்தார்கள். தயார் கண்ணாடி பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ஆனால் இரு கண் பவர் ஒன்றுக்கு மேல் வேறுபட்டாலோ, சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வேண்டிய பவர்) முக்காலை எட்டினாலோ, இரு கண்ணுக்கு நடுவே உள்ள தூரம் சட்டகத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ அளவெடுத்துத்தான் ஆக வேண்டும். கடை ஒரு மாதம் இழுத்தடிக்கும் ஊரில் தயார் கண்ணாடிக்கே என் ஓட்டு.

சட்டகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எல்லாருக்கும் ஒரே கறுப்புச் சட்டகம் வாங்கினால் 'திட்டக் கண்ணாடி' என்று பெயர் விழும், பைக்குள்ளேயே கிடக்கும். 'பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டா யார் கட்டிக்குவா' என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் உண்டு. 'போட்டா பவர் ஏறும்' என்ற பயமும் உண்டு, அது உண்மையில்லை. இதையெல்லாம் சீட்டில் எழுதித் தீர்க்க முடியாது. பெற்றோரை வரச்சொல்லி, பிள்ளையைக் கரும்பலகைக்கு எதிரே கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, கண்ணாடி இல்லாமல் ஒரு வரி, போட்டு ஒரு வரி படிக்கச் சொல்லுங்கள். தகப்பனார் அதைத் தன் கண்ணால் பார்ப்பது பத்து அறிவுரைக்குச் சமம்.

எந்தப் பள்ளிக்கு எது

அரசு, உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி: ஆசிரியர் அட்டை, 6/9, மறுநாள் மறுபரிசோதனை, பிறகு கண் மருத்துவ உதவியாளர் பள்ளிக்கே. நடமாடும் குழு வந்தால் அதே பட்டியலை அவர்களிடமும் கொடுங்கள்.

தொடக்கப் பள்ளி: அட்டையோடு ப்ளஸ் 2 லென்ஸும் டார்ச்சும். ஒன்றாம் வகுப்பில் யாரையும் விடக் கூடாது. கேமராக் கருவி ஒன்றியத்தில் இருந்தால் அங்கன்வாடிக்கும் எல்.கே.ஜி.க்கும் கேட்டு வாங்குங்கள்.

பணமுள்ள தனியார் பள்ளி: மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடலாம். ஆனால் 'எத்தனை பேரைப் பார்த்தீர்கள்' என்பதற்குப் பணம் கொடுக்காமல், 'மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்' என்ற எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதச் சம்மதிக்காத இடத்தை விட்டுவிடலாம்.

மலைக்கிராமப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி: 6/12 அட்டை, தோற்றவர்களை ஒரே நாளில் ஒரே வண்டியில் கூட்டிப்போவது. சீட்டு கொடுத்து அனுப்புவது இங்கே வேலைக்கு ஆகாது.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை? கிட்டப்பார்வை பத்து முதல் பதினைந்து வயதுக்குள் வேகமாக ஏறும். ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும், தொடக்க வகுப்புகளில் ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் வகுப்பு. கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பானாலும் ஆண்டுக்கு ஒரு முறை. நிறக்குருடு அட்டையை ஒரே ஒரு முறை காட்டினால் போதும், எட்டாம் வகுப்பில். ரயில்வே, காவல்துறை என்று கனவு வளர்க்கும் பையனுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து மருத்துவத் தேர்வு அறையில் தெரியக் கூடாது.

மாதம் ஜூலை நல்லது. ஜூனில் சேர்க்கை முடிந்திருக்காது, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபரில் மழையும் மெட்ராஸ் ஐயும். ஜூலையில் பார்த்தால் ஆகஸ்டில் கண்ணாடி வரும். அக்டோபர் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் வகுப்பு வகுப்பாகப் போய், முன்னறிவிப்பு இல்லாமல், பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் கண்ணாடியோடு இருக்கிறார்கள் என்று எண்ணி, தலைமை ஆசிரியர் மேசையில் அந்த ஓர் எண்ணை எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஜூனில் மேலாண்மைக் குழு கூடும்போது முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான்.